நெட் கேள்வி, நேர் பதில்: இருப்பது பெங்களூரில், காட்டுவது நெதர்லாந்தில்

போன இதழில் ஐ.பி. முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பெங்களூரின் பல பகுதிகளிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பிரச்சினை: ஆள் இருக்கும் ஊர் ஒன்று, இணையம் காட்டும் ஊர் வேறொன்று. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

*

ஹொரமாவுக்கு வீடு மாறி வந்ததும் பழைய கனெக்‌ஷனை விட்டுவிட்டு, தெருவில் கேபிள் கொடுப்பவரிடமே இன்டர்நெட்டும் வாங்கினோம். வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைத் தளங்கள் விலையை யூரோவில் காட்டுகின்றன, பேங்க் தளம் அனுமதி இல்லை என்கிறது, பையன் கிரிக்கெட் பார்க்கப் போனால் உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வருகிறது. நாங்கள் நெதர்லாந்தில் இருப்பதாக ஒரு தளம் காட்டியது. கேபிள்காரரிடம் கேட்டால் உங்கள் லேப்டாப்பில்தான் கோளாறு என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, ஹொரமாவு

உங்கள் லேப்டாப்பை ஒன்றும் செய்யாதீர்கள் மேடம், ஃபார்மேட் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள். கோளாறு உங்கள் வீட்டில் இல்லை.

ஐ.பி. முகவரிக்குள் ஊர் பெயர் எதுவும் எழுதியிருக்காது, அது வெறும் எண். இந்த எண் இந்த ஊரில் இருக்கிறது என்று யாரோ ஒரு நிறுவனம் கணித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மேக்ஸ்மைண்ட், ஐபி2லொகேஷன், ஐபிஇன்ஃபோ, டிபி-ஐபி போல இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கூகுள் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. பேங்க், கடை, கிரிக்கெட் காட்டும் ஆப் எல்லாம் இவற்றில் ஏதோ ஒன்றைக் கேட்டுத்தான் முடிவு செய்கின்றன. பட்டியலில் தப்பு இருந்தால் அதை நம்பும் எல்லா இடத்திலும் நீங்கள் வெளிநாட்டுக்காரர்.

உங்கள் எண் எப்படி நெதர்லாந்துக்குப் போனது என்றால், அதற்கு 2011-க்குப் போக வேண்டும். பழைய வகை ஐ.பி. முகவரிகள், அதாவது ஐபிவி4, மொத்தமே சுமார் 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது, நம் ஆசியப் பகுதிக்கு முகவரி தரும் ஏபிநிக்கிலும் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு (அடுத்தடுத்த முகவரிகளின் மொத்தக் கட்டு) வந்துவிட்டார்கள், அதற்குப் பிறகு புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சமாகத்தான் கிடைத்தது. மிச்சத்துக்கு, ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் விலைக்கு வாங்கு, இல்லை வாடகைக்கு எடு என்பதுதான் நிலைமை. உங்கள் கேபிள்காரருக்கு மேலே இருக்கும் நிறுவனம் ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொகுதியை எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். வாடகை வீட்டுக்குப் போனால் முன்பு குடியிருந்தவர் பெயருக்கே கடிதம் வந்துகொண்டிருக்கும் அல்லவா, அந்தக் கதைதான். தொகுதி இங்கே வந்துவிட்டது, பட்டியல்களில் பழைய ஊர் அப்படியே இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது. முதலில் வி.பி.என். (உங்கள் இணையத்தை வேறு ஊர் வழியாகச் சுற்றிவிடும் ஆப்) எதுவும் போனிலோ பிரவுசரிலோ ஓடவில்லையே என்று பாருங்கள், பையன் ஏதாவது போட்டு வைத்திருக்கலாம். அப்புறம் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு உங்கள் ஐ.பி. என்ன என்று கூகுளில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள், நான் மேலே சொன்ன நிறுவனங்களின் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து ஒவ்வொன்றும் எந்த ஊரைச் சொல்கிறது என்று பாருங்கள். நாலில் மூன்று பெங்களூர் என்று சொல்லி ஒன்று மட்டும் நெதர்லாந்து என்றால் வேலை சுலபம், அந்த ஒன்றைத் திருத்தினால் போதும். நாலுமே நெதர்லாந்து என்றால் உங்கள் சேவை நிறுவனம் தான் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

இந்த நிறுவனங்கள் எல்லாவற்றிலும் தகவல் தப்பு என்று சொல்ல ஒரு படிவம் உண்டு, கூகுளிலும் உண்டு. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், நீங்களும் நிரப்புங்கள். ஆனால் நம்பிக்கையை முழுக்க அதில் வைக்காதீர்கள். அந்த எண் உங்களுடையது இல்லை, ரவுட்டரை அணைத்துப் போட்டால் நாளைக்கு வேறு எண் வரலாம், அதே தொகுதியில் இருக்கும் மற்ற வீடுகள் அப்படியே நெதர்லாந்தில்தான் இருக்கும். தொகுதி முழுவதையும் ஒரே வேலையாகத் திருத்தக்கூடியவர் அதை வைத்திருக்கும் நிறுவனம். அதனால் கேபிள்காரரிடம் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, பில்லில் இருக்கும் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்: ஐ.பி. எண், தேதி, நேரம், எந்தெந்தத் தளம் எந்த ஊரைக் காட்டுகிறது என்பதற்கு ஸ்க்ரீன்ஷாட். புகார் எண் கேட்டு வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்த இரண்டடுக்கு முறையை வைத்திருக்கின்றன. நேராக டிராய்க்கு எழுதினால் தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை, அதில் நேரம் போக்காதீர்கள்.

அதுவரை பேங்க் வேலைக்குப் போன் டேட்டாவைப் பயன்படுத்துங்கள், இல்லை வேறு தொகுதியிலிருந்து ஒரு ஐ.பி. மாற்றித் தரச் சொல்லுங்கள், பல நிறுவனங்களிடம் வேறு தொகுதியும் இருக்கும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தியா என்று காட்டுவதற்காக இலவச வி.பி.என். ஆப் எதையாவது இறக்கி அதன் வழியாகப் பேங்குக்குள் போகாதீர்கள்.

*

என் போனில் வானிலை சரியாகப் பெங்களூர் என்று வருகிறது, லேப்டாப்பில் மட்டும் சென்னை என்று வருகிறது. ஏன்?
– கல்லூரி மாணவர், பி.டி.எம். லேஅவுட்

போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, அது செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்கிறது. லேப்டாப் ஐ.பி.யை வைத்து ஊகிக்கிறது. பிரவுசரில் இருப்பிட அனுமதி கொடுத்தால் பக்கத்து வைஃபைகளை வைத்து அதுவும் சரியாகிவிடும், வானிலைக்காகக் கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். ஊர் பெயரை நீங்களே அமைத்துக்கொண்டால் அதுவே போதும்.

*

கே.ஆர். புரம் பக்கம் சில அபார்ட்மென்ட்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சிறிய நிறுவனத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஒரு தொகுதி வாங்கியதிலிருந்து தினமும் கஸ்டமர் போன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. ஒரே இடத்தில் திருத்த வழி இல்லையா அண்ணா?
– வாசகர், கே.ஆர். புரம்

முழுக்க ஒரே இடம் என்று இல்லை தம்பி, ஆனால் அதற்கு மிகவும் பக்கத்தில் வரும் ஒன்று இருக்கிறது. முதல் கேள்வி கேட்ட அம்மா போன்றவர்களுக்கு நிம்மதி கொடுக்கக்கூடியவர் நீங்கள்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர் ஜியோஃபீட். எந்த முகவரித் தொகுதி எந்த ஊரில் இருக்கிறது என்று நீங்களே எழுதி வைக்கும் பட்டியல். 2020 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. (இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) 8805 என்ற ஆவணமாக வெளிவந்தது. ஒரு சாதாரண சி.எஸ்.வி. கோப்பு, அவ்வளவுதான். ஒரு வரியில் முதலில் முகவரித் தொகுதி, கமா, நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு, கமா, மாநிலக் குறியீடு, கமா, ஊர் பெயர். ஐந்தாவதாகப் பின்கோடுக்கு ஓர் இடம் உண்டு, அதை இப்போது காலியாக விடச் சொல்கிறார்கள். நாட்டுக்கு ஐ.என்., கர்நாடகத்துக்கு ஐ.என். போட்டு ஒரு சின்னக் கோடு போட்டு கே.ஏ. இந்தக் குறியீடுகள் ஐ.எஸ்.ஓ. 3166 தரத்தில் இருப்பவை, அதில் இருப்பதை அப்படியே போட வேண்டும், மாநிலப் பெயரை முழுதாக எழுதினால் படிக்கும் நிரலுக்குப் புரியாது. ஓசூரிலும் உங்களுக்குக் கஸ்டமர்கள் இருந்தால் அந்தத் தொகுதிக்குத் தமிழ்நாட்டின் டி.என். போட மறக்காதீர்கள். இந்தக் கோப்பை உங்கள் தளத்தில் எச்.டி.டி.பி.எஸ். முகவரியில் யாரும் எடுக்கும்படி வையுங்கள், லாகின் கேட்கக் கூடாது.

வைத்தால் மட்டும் போதாது, அது அங்கே இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் 2021-இல் ஆர்.எஃப்.சி. 9092 வந்தது, 2024-இல் அதைத் திருத்தி 9632 வந்திருக்கிறது. உங்கள் தொகுதி யாருடையது என்று சொல்லும் பொதுப் பதிவான ஹூஇஸ் பதிவிலேயே கோப்பின் இணைப்பைப் போட்டுவிட வேண்டும். அதற்கென்று தனிப் புலம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் ரிமார்க்ஸ் வரியில் ஜியோஃபீட் என்ற சொல்லும் இணைப்பும். பதிவு ஏபிநிக்கில் இருக்கிறதா, நிக்ஸி நடத்தும் இந்தியப் பதிவகமான ஐ.ஆர்.ஐ.என்.என்.-இல் இருக்கிறதா, அல்லது வாடகைத் தொகுதி என்பதால் இன்னும் வெளிநாட்டு உரிமையாளர் பெயரில் ஐரோப்பியப் பதிவகமான ரைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது நிலைமை என்றால் மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்காது, உரிமையாளரைத்தான் கேட்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் போடும்போதே இதை ஒரு நிபந்தனையாக எழுதி வாங்குங்கள், பணம் கட்டிய பிறகு கேட்டால் பதில் வர நாளாகும்.

பதிவில் இருக்கும் நாடு என்ற புலத்தையும் சரிபாருங்கள். அது இருப்பிடத்தைச் சொல்வதற்காக வைத்த புலம் இல்லை என்றாலும் பட்டியல்காரர்கள் அதை ஒரு தடயமாக எடுத்துக்கொள்கிறார்கள். ரிவர்ஸ் டி.என்.எஸ். பெயர்களும் (ஒரு ஐ.பி. எண்ணைக் கேட்டால் பதிலாக வரும் பெயர்) அப்படியே, பழைய உரிமையாளர் ஆம்ஸ்டர்டாம் என்று பொருள்படும் பெயர் வைத்துப் போயிருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

இதற்குப் பிறகு கூகுள். இணைய சேவை நிறுவனங்களுக்கென்றே அவர்களிடம் ஒரு போர்ட்டல் இருக்கிறது, உங்கள் ஏ.எஸ். எண்ணுக்கு (இணையத்தில் உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) நீங்கள்தான் பொறுப்பு என்று உறுதிசெய்துவிட்டால் ஜியோஃபீட் இணைப்பை அங்கேயே கொடுக்கலாம். மற்ற பட்டியல் நிறுவனங்களுக்கு ஒரே கடிதம், உள்ளே அதே இணைப்பு. நூறு படிவத்தில் நூறு எண்ணை நிரப்புவதை விட இது மேல், அடுத்த தொகுதி வரும்போது கோப்பில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

யாராவது நம்ப மறுத்தால் அளந்து காட்டுங்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அதனால் போய்த் திரும்ப 1 மில்லிவிநாடி என்றால் தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. பெங்களூரில் இருக்கும் ஒரு சர்வரிலிருந்து உங்கள் முகவரிக்கு அனுப்பும் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனைச் செய்தி) 4 மில்லிவிநாடியில் திரும்புகிறது என்றால் அது ஐரோப்பாவில் இருக்க வழியே இல்லை. கடிதத்தோடு இந்த அளவையும் சேர்த்து அனுப்பினால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். துல்லியமாக இருக்கட்டும் என்று வீட்டுக்கு ஒரு வரி எழுதி வைக்காதீர்கள். இந்தக் கோப்பை உலகமே படிக்கும். ஊர் அளவோடு நிறுத்துங்கள். ஒரே கஸ்டமருக்குக் கொடுத்த தொகுதியைத் தனியாகக் காட்டாதீர்கள், உங்களை நம்பிக் கனெக்‌ஷன் வாங்கியவர்களின் இருப்பிடத்தைப் பொதுவில் போடும் உரிமை நமக்குக் கிடையாது.

*

எனக்கு வயது 71. என் மெயில் கணக்கில் யாரோ மும்பையிலிருந்து நுழைந்ததாக ஒரு எச்சரிக்கை வந்தது. அன்றைக்கு முழுவதும் நான் அல்சூரில் வீட்டில்தான் இருந்தேன். இரவெல்லாம் தூக்கம் இல்லை. கணக்கை மூடிவிடவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அல்சூர்

மூட வேண்டாம் ஐயா, முதலில் அந்தச் செய்தியில் ஊரை விட்டுவிட்டு மற்ற இரண்டைப் பாருங்கள்: நேரம், கருவியின் பெயர். அந்த நேரத்தில் நீங்கள் போனைத் திறந்தீர்களா, அதில் இருப்பது உங்கள் போன் மாடல்தானா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நுழைந்தது நீங்கள்தான், நிம்மதியாகத் தூங்குங்கள்.

செல்போன் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உள்ளே பயன்படுத்திக்கொள்ள 100.64.0.0/10 என்று 2012-இல் தனியாக ஒரு பெரிய தொகுதியே ஒதுக்கினார்கள், வெளியே வரும்போது நிறுவனத்தின் ஏதோ ஒரு பெரிய ஊர் மையத்தின் வழியாக வரலாம். அந்த மையம் மும்பையில் இருந்தால் அல்சூரில் உட்கார்ந்திருக்கும் உங்களையும் மும்பை என்றுதான் காட்டும். இதைப் படிவம் போட்டுத் திருத்தவும் முடியாது, ஏனென்றால் அந்த முகவரி உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறது.

நேரமோ கருவியோ உங்களுடையது இல்லை என்றால் மட்டும் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தானை அழுத்தி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். செய்தியில் வந்த இணைப்பை அழுத்தி இதைச் செய்யாதீர்கள், நீங்களே மெயிலைத் திறந்து அமைப்புகளுக்குள் போய்ச் செய்யுங்கள். பேரப்பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் கூட உட்காரச் சொல்லுங்கள்.

*

எங்கள் அலுவலக ஐ.பி.யைப் படிவம் நிரப்பித் திருத்தினோம். சரியானது. கொஞ்ச நாளில் மறுபடியும் பழைய ஊர். யார் மாற்றுகிறார்கள்?
– வாசகர், மாரத்தஹள்ளி

யாரும் வேண்டுமென்று மாற்றுவதில்லை. இந்தப் பட்டியல்கள் தானாகவே திரும்பத் திரும்பக் கணிக்கப்படுபவை. நீங்கள் கொடுத்த திருத்தம் ஒரு தடயம், ஹூஇஸ் பதிவு இன்னொன்று, ரிவர்ஸ் டி.என்.எஸ். பெயர், பிங் அளவு என்று இன்னும் பல. உங்கள் ஒரு தடயத்துக்கு எதிராக மற்றவை எல்லாம் பழைய ஊரையே சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த கணிப்பில் அது தோற்றுப்போகலாம். மேலே கே.ஆர். புரம் வாசகருக்குச் சொன்னபடி மூலத்தைச் சரிசெய்தால்தான் நிற்கும்.

உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் எல்லா நேரமும் வெளிநாட்டு ஆபீஸின் வி.பி.என்.-இல் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அப்படி என்றால் தளங்கள் பார்ப்பது வி.பி.என். வெளியேறும் இடத்தின் ஐ.பி.யை, உங்களுடையதை இல்லை. திருத்தியதே வேறு எண்ணாக இருந்திருக்கலாம்.

இன்னொன்று, பட்டியலில் சரியாகிவிட்டதை நீங்கள் பார்த்த பிறகும் ஒரு தளம் மட்டும் பழைய ஊரையே காட்டினால், அந்தத் தளக்காரர் பட்டியலின் பழைய பிரதியை இறக்கி வைத்துப் புதுப்பிக்காமல் இருக்கிறார். அப்போது பட்டியல் நிறுவனத்துக்கு மறுபடி எழுதிப் பயன் இல்லை, அந்தத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள், பிரதியைப் புதுப்பியுங்கள் என்று அதே வார்த்தையில் கேளுங்கள்.

*

என் தங்கைக்கு யாரோ முகம் தெரியாதவன் அசிங்கமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறான். நண்பன் ஒருவன் எப்படியோ அவன் ஐ.பி.யை எடுத்துக் கொடுத்தான். ஒரு தளத்தில் போட்டால் ஜெயநகரில் ஒரு வீட்டின் மேலேயே புள்ளி வைத்துக் காட்டுகிறது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நேராகப் போகலாமா என்று இருக்கிறேன்.
– வாசகர், ஸ்ரீராமபுரம்

போகாதீர்கள். உங்கள் கோபம் நியாயம், ஆனால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

ஐ.பி.யை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க இந்தப் பட்டியல்களால் முடியாது. ஊர் தெரிந்தால் ஊரின் நடுவில் ஒரு புள்ளி, நாடு மட்டும் தெரிந்தால் நாட்டின் நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டால் அது ஏதோ ஒரு கூரையின் மேல் விழத்தானே செய்யும். அமெரிக்காவில் இப்படி நடந்தது. ஊர் தெரியாத அமெரிக்க முகவரிகளுக்கெல்லாம் மேக்ஸ்மைண்ட் நாட்டின் நடுப்பகுதியில் ஒரே புள்ளியை வைத்திருந்தது, அது கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே புள்ளியில். அந்த வீட்டுக்குப் பல வருடங்கள் போலீஸ், வரி அதிகாரிகள், திருட்டுப்போன பொருளைத் தேடி வந்தவர்கள், ஏமாந்து ஆத்திரத்தோடு வந்தவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். தங்களைத் தேடி ஏன் வருகிறார்கள் என்றே அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 2016-இல் ஒரு பத்திரிகையாளர் எழுதி வெளிவந்த பிறகுதான் நிறுவனம் புள்ளியை ஒரு ஏரியின் நடுவே நகர்த்தியது. ஜெயநகரில் அந்தக் கூரைக்கு அடியில் வயதான தம்பதி இருக்கலாம், சின்னக் குழந்தை இருக்கலாம். நாலு பேரோடு கதவைத் தட்டினால் வழக்கு உங்கள் மேல் வரும், அனுப்பியவன் தப்பித்துக்கொள்வான்.

செய்ய வேண்டியது வேறு. செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள், கணக்கின் பெயர், அதன் இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் புகார்த் தளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே பதிவு செய்யுங்கள், பக்கத்து சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போங்கள். முகவரியை எந்த நிமிடத்தில் யாருக்குக் கொடுத்திருந்தார்கள் என்ற பதிவு சேவை நிறுவனத்திடம் இருக்கும், அதைச் சட்டப்படி கேட்டு வாங்க முடிவது போலீசால்தான். அந்த அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 94-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால் நேரம் விநாடி வரைக்கும் தேவைப்படலாம், போர்ட் எண்ணும் (ஒரே முகவரியில் இருக்கும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) கேட்பார்கள், அதனால்தான் எதையும் அழிக்க வேண்டாம் என்கிறேன். அந்தப் பதிவுகளையும் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள், நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே போங்கள். தங்கையைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்கள் கூடவே இருங்கள்.

*

எலஹங்காவில் வீட்டில் செய்யும் மசாலாப் பொடிகளை ஆன்லைனில் விற்கிறேன். தளம் செய்து கொடுத்தவர் வெளிநாட்டு ஐ.பி. எல்லாவற்றையும் தடுத்துவிடலாம், மோசடி குறையும் என்கிறார். செய்யலாமா சார்?
– வாசகி, எலஹங்கா

முழுத் தடை வேண்டாம் அம்மா. ஹொரமாவு வாசகியைப் பார்த்தீர்கள் அல்லவா, அவர் உங்கள் பொடியை வாங்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். டெலிவரி முகவரி இந்தியாவா என்று ஆர்டர் போடும்போது பாருங்கள், பணம் ஓ.டி.பி. வழியாக வருகிறதா என்று பாருங்கள், ஐ.பி. வெளிநாடு என்றால் கூடுதலாக ஒருமுறை போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நாட்டையும் ஊரையும் வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளும்படி ஒரு பெட்டி வையுங்கள். ஏதாவது காரணத்தால் தடுத்தே ஆக வேண்டும் என்றால் வெறும் அனுமதி இல்லை என்று காட்டாமல், தவறாகத் தடுக்கப்பட்டிருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.